அதிர்ச்சியும் துக்கமும் சேர்ந்து பிடித்துக்கொண்டால்: சிகிச்சை எப்படி நடக்கும், எங்கே கிடைக்கும்?

நவம்பர் பிறந்தாலே முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் பக்கம் பல வீடுகளில் ஒரு வழக்கத்தைப் பார்க்கலாம். மழை வலுத்ததும் பத்திரம், ஆதார், ரேஷன் கார்டு இருக்கும் பை பரண்மேல் ஏறிவிடும். பைக் மேட்டுத் தெருவுக்குப் போய்விடும். செல்போனில் செம்பரம்பாக்கம் ஏரி எத்தனை அடி என்று பார்ப்பார்கள். இது நோய் இல்லீங்க, முன்னெச்சரிக்கை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு பெருகி வீட்டுக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே தெருக்களில் மறுபடியும் தண்ணீர் நின்றது. இதையெல்லாம் பார்த்தவர்கள் உஷாராக இருப்பது இயல்புதான்.

ஆனால், அதே வீட்டில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி இருக்கலாம். மழைச் சத்தம் கேட்டால் அவருக்குக் கை நடுங்கும், ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது. மழையே இல்லாத மே மாதத்திலும், அந்த வெள்ளத்தில் போன அம்மாவின் கட்டிலை யாரையும் தொட விடமாட்டார். "இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் ஏன் இப்படி?" என்று வீட்டில் உள்ளவர்களுக்கு ஆதங்கம். அவரிடம் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. ஒன்று அதிர்ச்சி, மற்றொன்று துக்கம். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்

முதலாவதை, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்கிறோம். டாக்டர்கள் சுருக்கமாக பி.டி.எஸ்.டி. என்பார்கள். உயிருக்கு ஆபத்தான ஒன்றை நேரில் அனுபவித்தவருக்கோ பார்த்தவருக்கோ இது வரலாம். நடந்து முடிந்த சம்பவம் "இப்போது, இங்கே" மறுபடி நடப்பதுபோல் கண்முன் வரும், கனவிலும் வரும். அந்த இடம், அந்த வாசனை, அந்தச் சத்தம் எதுவும் வேண்டாம் என்று மனம் ஒதுங்கும். ஆபத்து இன்னும் பக்கத்திலேயே இருப்பதுபோல் உடம்பு எப்போதும் விறைப்பாக இருக்கும். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்கு மேலும் இது குறையாமல் வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால், சிகிச்சை தேவை.

இரண்டாவது, நீடித்த துக்கக் கோளாறு. இதன் அடிப்படை பயம் அல்ல, ஏக்கம். போனவர் வேண்டும் என்ற தவிப்பு தினமும், நாள் முழுக்க இருக்கும். அவர் இல்லை என்பதை அறிவு ஒப்புக்கொண்டாலும் மனசு ஒப்புக்கொள்ளாது. "என்னில் பாதி செத்துப்போச்சு" என்ற உணர்வு, வாழ்க்கையில் பிடிப்பின்மை, யாரோடும் ஒட்டாமை எல்லாம் சேர்ந்து வரும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 2022 முதல் நடைமுறையில் இருக்கும் 11-ஆவது பதிப்பில், இதைத் தனி நோயாகச் சேர்த்திருக்கிறது. குறைந்தது 6 மாதம் நீடிக்க வேண்டும், அந்த சமூகத்தின் வழக்கத்தை மீறியதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது.

அந்த "வழக்கத்தை மீறி" என்ற நிபந்தனை நமக்கு முக்கியம். பதினாறாம் நாள் காரியம், நாற்பதாம் நாள், வருஷத் திதி, ஆடி அமாவாசை, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் என்று துக்கத்துக்கு நம்மிடம் நாட்கள் குறித்து வைத்திருக்கிறோம். அன்று அழுவதும் நோய் அல்ல, போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பதும் நோய் அல்ல. ஐந்து வருடம் கழித்துத் திதி கொடுக்கும்போது கண் கலங்குபவரை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, திதியன்றும் மற்ற நாட்களிலும் வித்தியாசமே இல்லாமல் துக்கம் ஒரே கனத்தில் நிற்பவரை. அதேபோல, சடங்கு பக்கமே போகமுடியாமல் ஓடுபவரையும்.

இயற்கையாக நேர்ந்த மரணத்துக்குப் பிறகு ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு இப்படித் துக்கம் உறைந்துபோவதாக ஆய்வுகள் சொல்கின்றன. விபத்து, வெள்ளம், கொலை, தற்கொலை என்று திடீரென நேர்ந்த மரணங்களில் அது பல மடங்கு அதிகம். அப்படிப்பட்ட மரணங்களில்தான் அதிர்ச்சியும் கூடவே வருகிறது.

ஒரு உதாரணம்

கீழே வருபவர் உண்மையான ஒருவர் அல்ல, பாடத்துக்காக உருவாக்கிய ஒருவர். ஆனால் நம் பகுதியில் இவரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள்.

வண்டலூரில் வசிக்கும் 38 வயது அக்கா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 14 மாதத்துக்கு முன், கணவரோடு பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் தாண்டி வரும்போது லாரி மோதியது. இவருக்குக் கால் எலும்பு முறிவு. கணவர் அங்கேயே போய்விட்டார். இன்று கால் சரியாகிவிட்டது. ஆனால் தாம்பரம் போக வேண்டுமென்றால் மின்சார ரயில் மட்டும்தான், ஜி.எஸ்.டி. சாலையில் கால் வைப்பதில்லை. ஏர் ஹாரன் கேட்டால் உள்ளங்கை வியர்க்கும். ஹெல்மெட் உருண்டு போகும் காட்சி கனவில் வரும். இது அதிர்ச்சியின் பக்கம்.

கணவரின் சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறார். அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் "சாப்டீங்களா" என்று அனுப்புகிறார். ஒரு டிக் மட்டும் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மாலை 7 மணிக்கு எந்த பைக் சத்தம் கேட்டாலும் எழுந்து வாசலுக்குப் போவார். இறப்புச் சான்றிதழை மைத்துனர் வாங்கி வைத்துவிட்டார். வாரிசுச் சான்றிதழுக்கு மட்டும் இவர் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. காரணம் கேட்டால், "அவர் பேருக்கு முன்னாடி ‘காலஞ்சென்ற'ன்னு என் கையால எப்படி எழுதுவேன்?" என்பார். இது துக்கத்தின் பக்கம்.

இந்த இரண்டையும் கூர்ந்து பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அதிர்ச்சி அவரை ஒரு இடத்திலிருந்து விரட்டுகிறது. துக்கம் அதே மனிதரை நோக்கி இழுக்கிறது. கணவரை நினைக்க ஆசைப்பட்டு கண்ணை மூடினால் வருவது அந்த ரோட்டுக் காட்சி. கல்யாண நாளும் வராது, போட்ட சண்டையும் வராது. கடைசி 10 விநாடி, முன்னால் இருந்த 15 வருட வாழ்க்கையை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதனால் நினைக்கவும் பயம், நினைக்காமல் இருக்கவும் முடியாது. துக்கம் நகர்வதற்கு நினைவுகள் வேண்டும், அந்த நினைவுகளுக்குப் போகும் வழியை அதிர்ச்சி அடைத்திருக்கிறது.

ஒன்றை மட்டும் பார்த்தால் ஏன் பாதியில் நிற்கிறது?

பயத்துக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தால், அக்கா ஜி.எஸ்.டி. சாலையில் போகப் பழகிவிடலாம். ஆனால் பயம் குறையக் குறைய அடியில் இருந்த ஏக்கம் மேலே வரும். "முன்னைவிட அதிகமா அழறேன், சிகிச்சை எனக்கு ஒத்துக்கல" என்று இந்த இடத்தில்தான் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. பலருக்கு வலிதான் போனவரோடு மிச்சமிருக்கும் கடைசிக் கயிறு. "பயம் போயிட்டா அவரையே விட்டுட்ட மாதிரி ஆயிடும்" என்று உள்ளுக்குள் ஒரு தயக்கம் இருக்கும். துக்கத்தைப் பற்றிக் கேட்காத சிகிச்சையில் இந்தத் தயக்கம் வெளியே வரவே வராது.

துக்கத்துக்கு மட்டும் ஆறுதல் பேசினாலும் சிக்கல். கணவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் ரோட்டுக் காட்சி வந்து நிற்கும், பேச்சு அங்கேயே உடையும். எனவே ஒரே ஆலோசகர், ஒரே திட்டம், இரண்டு வேலை. அதுதான் சரியான முறை. எதை முதலில் தொடுவது என்பது ஆளைப் பொறுத்தது. கெட்ட கனவும் திடீர்க் காட்சிகளும் மேலோங்கி இருந்தால் அதிர்ச்சி முதலில். ஏக்கம் மேலோங்கி இருந்தால் துக்கம் முதலில்.

அறைக்குள் என்ன நடக்கும்?

பலரும் பயப்படுவது இதைத்தான். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

முதல் ஓரிரு சந்திப்பில் கேள்விகள் இருக்கும். தூக்கம், சாப்பாடு, மது, தற்கொலை எண்ணம், வீட்டில் யார் துணை என்று கேட்பார்கள். தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்டால் திடுக்கிட வேண்டாம், எல்லோரிடமும் கேட்பார்கள். "அவர்கிட்டயே போயிடணும் போல இருக்கு" என்ற நினைப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நீங்கள் சொல்வது ரகசியம். உங்கள் உயிருக்கோ வேறொருவருக்கோ ஆபத்து என்பதுபோன்ற ஒரு சில சூழல்களில்தான் விதிவிலக்கு. கம்பெனிக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகாது.

பிறகு சம்பவத்தைச் சொல்லச் சொல்வார்கள். பாதுகாப்பான அறையில், நம்பிக்கையான ஒருவர் எதிரில், தொடக்கத்திலிருந்து கடைசி வரை, இப்போது நடப்பதுபோல் சொல்ல வேண்டும். சில இடங்களில் அதைச் செல்போனில் பதிவு செய்து, வீட்டில் தினமும் ஒருமுறை கேட்கச் சொல்வார்கள். கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் மனம் இதுவரை அந்தக் காட்சியைத் துண்டு துண்டாகவே பார்த்திருக்கிறது, பாதியில் ஓடிவந்திருக்கிறது. முழுசாக, திரும்பத் திரும்பச் சொல்லும்போது அது "இப்போது நடப்பது" என்ற நிலையிலிருந்து "அன்று நடந்தது" என்ற நிலைக்கு மாறுகிறது. அப்படிச் சொல்லும்போதுதான் ஒளிந்திருந்த வாக்கியமும் வெளியே வரும். "நான்தான் சீக்கிரம் கிளம்பலாம்னு அவசரப்படுத்தினேன்" என்று அக்கா முதல்முறையாகச் சொல்வார். அன்று அவருக்கு என்ன தெரியும், லாரி வரும் என்று தெரியுமா என்று ஆலோசகர் நிதானமாகக் கேட்பார். "உன் மேல தப்பில்ல" என்று உறவினர்கள் ஆயிரம் முறை சொன்னது வேறு, அவரே பொறுமையாக அந்த முடிவுக்கு வருவது வேறு.

கூடவே வெளியே போகும் பயிற்சி. பகலில் தம்பியோடு பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் 20 நிமிடம் நிற்பது, அடுத்த வாரம் பஸ்ஸில் அந்த இடத்தைத் தாண்டுவது, பிறகு தனியாக. பயம் தானாக இறங்கும்வரை அங்கேயே இருப்பதுதான் பயிற்சி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவது அல்ல.

துக்கத்தின் வேலை இதோடு பின்னிக்கொண்டே நடக்கும். போனவருக்குக் கடிதம் எழுதுவது, எதிரே இருப்பதாக எண்ணிச் சொல்லாமல் விட்டதைச் சொல்வது, அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று அவர் குரலிலேயே பேசிப் பார்ப்பது, பழைய போட்டோக்களை எடுத்துவந்து ஒவ்வொன்றின் கதையையும் சொல்வது. நல்லது மட்டுமல்ல, அவர் கோபக்காரர் என்றால் அதையும். இன்னொரு பக்கம், அடுத்த வாரம் உங்களுக்காக என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் கேட்பார்கள். நின்றுபோன தையல் வேலையாக இருக்கலாம், மகளோடு கிஷ்கிந்தா போவதாக இருக்கலாம்.

கேத்ரின் ஷியர் வகுத்த துக்க சிகிச்சை 16 சந்திப்புகள் கொண்டது. 2005-இல் வெளியான ஆய்வில், வழக்கமான ஒரு மனச்சோர்வுச் சிகிச்சையில் 28 சதவீதம் பேர் தேறியபோது, இதில் 51 சதவீதம் பேர் தேறினார்கள். ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் பிரையன்ட் குழுவின் 2014 ஆய்வில், மரணத்தின் நினைவை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைத்தது. அதிர்ச்சிக்கான முறையும் துக்கத்துக்கான முறையும் ஒத்துப்போகும் இடம் இதுதான்.

மாத்திரை? மனச்சோர்வும் அதிர்ச்சி அறிகுறிகளும் கடுமையாக இருந்தால் டாக்டர் தருவார், உதவும். ஏக்கத்தை மட்டும் மாத்திரை கரைப்பதில்லை. மெடிக்கலில் தானாக வாங்கும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். அதிர்ச்சிக்கு அது சிகிச்சை அல்ல, பழக்கமாகிவிடும். ராத்திரி ஒரு குவார்ட்டர் போட்டால்தான் தூக்கம் என்பதும் அதே கதைதான்.

சுனாமி கற்றுத்தந்தது

தமிழ்நாட்டில் இதை நாம் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு மீனவ கிராமத்தில் கணக்கெடுத்தபோது, 100 பேரில் ஏறத்தாழ 13 பேருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது. பெண்கள், காயம்பட்டவர்கள், வருமானம் நின்றுபோன வீட்டினர் ஆகியோரிடம் அதிகம். கடைசியாகச் சொன்னதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வருமானமும் மனநலமும் தனித்தனி அல்ல.

அதே காலத்தில், 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பின் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், உறவினரைப் பறிகொடுத்த மீனவக் குடும்பங்களைத் தொடர்ந்து போய்ச் சந்தித்தார்கள். ஒரு வருடம் கழித்து, இந்த உதவி கிடைக்காத இன்னொரு குப்பத்தோடு ஒப்பிட்டபோது இவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. மனநல டாக்டர் எண்ணிக்கை குறைவான ஊரில் இது பெரிய செய்தி. முதல் படியை அக்கம்பக்கத்தாரும் பயிற்சியோடு செய்யலாம். கடுமையானவர்களை டாக்டரிடம் சேர்ப்பது இரண்டாவது படி.

வீட்டில் இருப்பவர்கள் "மனசைத் தேத்திக்கோ" என்பதற்குப் பதில், "அண்ணனைப் பத்திச் சொல்லுங்க அண்ணி" என்று கேட்டுப் பாருங்கள். போனவரின் பெயரையே வீட்டில் எடுக்காமல் இருப்பது நல்லெண்ணம்தான், ஆனால் உதவாது. பொருட்களை அவரைக் கேட்காமல் அப்புறப்படுத்தாதீர்கள்.

செல்போனில் செய்யக்கூடியவை

கூகுள் போட்டோஸ் "இதே நாளில்" என்று திடீரென ஒரு படத்தைக் காட்டி ஆபீஸில் உங்களைக் கலங்கடிக்கலாம். அதன் ‘நினைவுகள்' அமைப்பில் குறிப்பிட்ட நபரையோ தேதியையோ மறைத்து வைக்கலாம். படம் அழியாது, தயாரானதும் திறந்துகொள்ளலாம். போனவரின் குரல் பதிவுகளை இன்னொரு போனிலோ பென் டிரைவிலோ பிரதி எடுத்து வையுங்கள். ரீசார்ஜ் நின்றால் சிம்மும், நெடுநாள் திறக்காவிட்டால் வாட்ஸ்அப் கணக்கும் போய்விடும். அதுவே இரண்டாவது இழப்பாகிவிடக் கூடாது. குரல் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தபின் ரீசார்ஜ் செய்ய வேண்டுமா என்பதை நிதானமாக முடிவு செய்யலாம்.

வாட்ஸ்அப்பில் வீடியோ தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்துங்கள். விபத்து வீடியோக்கள் வந்து விழுவது பாதி குறையும். அதோடு, நீங்களும் அப்படிப்பட்ட வீடியோவை ஃபார்வேர்ட் செய்யாதீர்கள். அதில் கிடப்பவரின் குடும்பமும் ஏதோ ஒரு குரூப்பில் இருக்கும். ஏரி நீர்மட்டத்தை 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பவர், காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, அதுவும் அரசு அறிவிப்பை மட்டும் என்று வைத்துக்கொண்டால் உடம்பு கொஞ்சம் தணியும்.

காகித வேலை காத்திருக்காது

துக்கத்தில் இருப்பவர் தள்ளிப்போடும் முதல் வேலை அரசு விண்ணப்பங்கள். ஆனால் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. சாலை விபத்து இழப்பீட்டு மனுவுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் 6 மாதக் கெடு வைத்திருக்கிறது. தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிடாமல், 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணில் கேளுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், வங்கி, பி.எஃப்., விதவை உதவித்தொகை என்று பலவற்றுக்கும் அது தேவைப்படும். ‘காலஞ்சென்ற' என்று எழுத முடியாத அக்காவுக்கு, மைத்துனரோ மகளோ படிவத்தை நிரப்பட்டும், அவர் கையெழுத்து மட்டும் போடட்டும். சொல்லப்போனால், சிகிச்சையில் ஆலோசகர் இதையே ஒரு வாரப் பயிற்சியாகக் கொடுக்கவும் வாய்ப்பு உண்டு. முதல் நாள் படிவத்தைப் படிப்பது, இரண்டாம் நாள் பெயர் எழுதுவது, மூன்றாம் நாள் மையத்துக்குப் போவது.

எங்கே தொடங்குவது?

14416. டெலி-மனஸ் எண், தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு' மனநல சேவை. 24 மணி நேரமும், தமிழில், இலவசமாக. முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல டாக்டருக்கு மாற்றுவார், நேரில் பார்க்க அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தக் கிழமை எந்த மருத்துவமனையில் இருப்பார் என்பதை 104-இல் கேட்டுக்கொண்டு போங்கள், அலைச்சல் மிச்சம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இரண்டிலும் ஓபி சீட்டு வாங்கி நேரடியாகவே பார்க்கலாம். மாத்திரையோடு நிறுத்தாமல், "பேச்சு சிகிச்சைக்கு உளவியலாளரைப் பார்க்கணும்" என்று நீங்களே கேளுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

போனில் என்ன சொல்வது என்று தெரியாமல் கட் செய்பவர்கள் நிறைய. இப்படித் தொடங்கலாம்: "என் வீட்டுக்காரர் 14 மாசத்துக்கு முன்னாடி ஆக்சிடென்ட்ல போயிட்டார். நானும் அந்த வண்டியில இருந்தேன். அந்தக் காட்சி அடிக்கடி வருது. அவர் இல்லைங்கறதையும் ஏத்துக்க முடியல. ரெண்டுக்கும் சேர்த்து உதவி வேணும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வீட்டில் தனியாகப் பேச இடம் இல்லையென்றால் மொட்டை மாடி போதும், இயர்போன் போட்டுக்கொண்டு துணி காயப்போடும் நேரத்தில் பேசிவிடலாம்.